ஒரு பீஸ் தானே பாஸ்... ஒண்ணும் ஆகாது!

ஆபீஸ்ல யாராவது நீட்டுற தின்பண்டத்த "வேண்டாம்"னு சொல்லணும்னா அதுக்கு லைசென்ஸ் வேணும் மக்களே. ஆறு வருஷமா பொட்டி தட்டுறதுல நான் பார்த்த வரைக்கும் மூணே மூணு லைசென்ஸ்தான் செல்லுபடியாகும். ஒண்ணு சாமி. ரெண்டாவது குடும்பப் பழக்கம் ("எங்க வீட்ல முட்டை சாப்பிட மாட்டோம்"). மூணாவது டாக்டர். இதுல ஏதாவது ஒண்ணு கையில இருந்தா உங்கள ரெண்டாவது தடவை யாரும் கேக்க மாட்டாங்க. இதெல்லாம் இல்லாம "இல்லீங்க, நானா யோசிச்சு முடிவு பண்ணினேன், இனிப்பு சாப்பிடுறதில்ல"ன்னு சொல்லிப் பாருங்க. அவ்ளோதான். அன்னிக்கு பார்ட்டில கேக்குக்கு பதிலா உங்களத்தான் வெட்டுவாங்க.

எங்க டீம்ல ஒரு அண்ணன் இருக்கார். கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டார், மகரஜோதி பார்த்துட்டு வந்துதான் கழட்டினார். கிட்டத்தட்ட ரெண்டு மாசம். நடுவுல ரெண்டு பிறந்தநாள், ஒரு ரிலீஸ் பார்ட்டி, கிறிஸ்துமஸ் கேக், ஒருத்தரோட கல்யாணத்துக்கு பிரியாணி ட்ரீட் எல்லாம் வந்து போச்சு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் கூட "ஒரு லெக் பீஸ் சாப்பிட்டா ஐயப்பன் கோச்சுக்க மாட்டார் சாமி"ன்னு சொல்லல. சொல்லவும் கூடாது. "சாமிக்கு தனியா வெஜ் மீல்ஸ் சொல்லிடுங்கப்பா"ன்னு எங்க டேமேஜரே ஞாபகப்படுத்தினார்.

அதே அண்ணன் தை பொறந்ததும் சர்க்கரை, மைதா, எண்ணெய்ப் பலகாரம் மூணையும் நிறுத்தினார். வயசு முப்பத்தஞ்சு தாண்டியாச்சு, இனிமேலாவது உடம்பப் பாத்துக்கணும்னு அவரா எடுத்த முடிவு. முதல் வாரமே ஆரம்பிச்சாச்சு. "என்ன பாஸ், அடுத்த படத்துல நீங்கதான் ஹீரோவா?" "அண்ணி அடிச்சாங்களா?" "சும்மா சீன் போடாதீங்கண்ணே, ஒரு பீஸ் தானே." ரெண்டு மாசம் கோழிய விட்டவர 'சாமி'ன்னு கூப்பிட்ட அதே வாய், கேக்க விட்டதுக்கு 'சீன் பார்ட்டி'ங்குது. ஆள் அதே ஆள்தான். மன உறுதியும் அதேதான். கழுத்துல மாலை மட்டும் இல்ல.

என் கோவமே இங்கதான் ஆரம்பிக்குது. நாம வேண்டாம்ங்கறத மதிக்கத் தெரியாத கூட்டம் இல்ல. நல்லாவே மதிக்கத் தெரியும். ஆனா அந்த 'வேண்டாம்' மேல இருந்து வரணும். சாமியோ, சாதியோ, டாக்டரோ கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கணும். வளர்ந்த மனுஷன் ஒருத்தன் தன் வயித்துக்குள்ள என்ன போகணும்னு தானே முடிவு பண்ணினா அது திமிரு, பந்தா, கஞ்சத்தனம், டீம் ஸ்பிரிட் இல்லாமை.

"வருஷத்துல ஒரு நாள்தானே வருது"ன்னு ஒரு வாதம் வரும். சரி, கணக்கு போடுவோம், இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது பிரயோஜனப்படட்டும். 20 பேர் இருக்குற டீம்னு வெச்சுக்கோங்க. பிறந்தநாள் 20. கல்யாணம், குழந்தை, வீடு, கார், ப்ரமோஷன், ஆன்சைட் கிளம்புற சந்தோஷம்... ஆளுக்கு வருஷத்துக்கு ஒண்ணே ஒண்ணுன்னு போட்டாலும் இன்னொரு 20. ஊருக்குப் போயிட்டு வர்றவன் வெறுங்கையோட வர முடியாது. திருநெல்வேலிக்காரன்னா அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்னா பால்கோவா, கோவில்பட்டின்னா கடலைமிட்டாய், மணப்பாறைன்னா முறுக்கு. ஆன்சைட்ல இருந்து திரும்புறவன் ஏர்போர்ட்ல கடைசி நிமிஷத்துல வாங்குற சாக்லேட் டப்பா வேற. இதுக்கெல்லாம் ஒரு 15 போடுங்க. அப்புறம் ஆயுதபூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், மகளிர் தினம், கம்பெனியோட ஆண்டுவிழா, நாலு ரிலீஸ், நாலு பேரோட லாஸ்ட் ஒர்க்கிங் டே... இன்னொரு 15. மொத்தம் 70.

இப்ப எங்கள மாதிரி வாரத்துக்கு மூணு நாள் மட்டும் ஆபீஸ் வரச் சொல்ற இடத்துல, வருஷத்துக்கு 156 நாள். லீவெல்லாம் கழிச்சா 140ன்னு வைங்க. வீட்ல இருந்து வேலை பாக்குற நாள்ல கேக் வெட்ட முடியாதுங்கறதால எல்லா கொண்டாட்டத்தையும் தள்ளிக் கொண்டுவந்து இந்த நாட்கள்லதான் வெப்பாங்க. 140 நாள்ல 70. அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள் "இன்னிக்கு ஒரு நாள்தானே பாஸ்". அவ்வ்வ்வ்...

ஒரு துண்டு க்ரீம் கேக் சுமாரா 300 கலோரின்னு வைங்க. 70 துண்டு 21,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரிங்கற பழைய வாய்ப்பாட்டுப்படி வருஷத்துக்கு ரெண்டரை கிலோவுக்கு மேல. உடம்பு எக்ஸெல் ஷீட் மாதிரி வேலை செய்யாது, கொஞ்சம் அதுவா ஈடுகட்டிக்கும், ஒத்துக்கறேன். பாதின்னே வெச்சுக்கோங்க. வேலைக்கு சேர்ந்தப்ப எடுத்த ஐடி கார்டு போட்டோவையும் இன்னிக்கு லிஃப்ட் கண்ணாடில தெரியற மூஞ்சியையும் ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்க. மிச்சக் கணக்கு தானா புரியும்.

அடுத்தது டீம் லஞ்ச். ஓ.எம்.ஆர்ல இருக்குற எந்த பஃபேவுக்கு வேணா போங்க, காட்சி ஒண்ணுதான். தலைக்கு இவ்ளோன்னு காசு முன்னாடியே முடிவாயிடும். அந்த நிமிஷத்துல இருந்து சாப்பாடு சாப்பாடா இருக்காது, முதலீடா மாறிடும். "போட்ட காச எடுக்கணும்டா." போட்டது கம்பெனி, எடுக்கிறது நம்ம வயிறு. காலைல டிபனக் கூட விட்டுட்டு வந்து உக்காருவான். மேஜையில சின்னதா ஒரு கொடி நட்டு வெச்சிருப்பாங்க, அத இறக்குற வரைக்கும் கம்பி கம்பியா வந்துக்கிட்டே இருக்கும். யார் கொடிய முதல்ல இறக்குறானோ அவன் கோழை. பானிபட் யுத்தம் தோத்துது போங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, டயட்ல இருக்குறவனுக்கு அந்த இடத்துல சாப்பாட்டுக்கு பஞ்சமே கிடையாது. கம்பியில சுட்டு வர்ற மீன், கோழி, பன்னீர், ஓரத்துல சீண்டுவாரில்லாம கிடக்குற வெள்ளரி, தக்காளி, தர்பூசணி... திருப்தியா சாப்பிட்டுட்டு வரலாம். பிரச்னை தட்டுல இல்ல, பக்கத்து சீட்ல இருக்கு. "என்னடா ஆடு மாதிரி தழைய மேயற?" "பிரியாணி வெக்கலியா? டேய் இவனுக்கு பிரியாணி வைங்கடா." நாம வேண்டாம் வேண்டாம்னு கைய நீட்டி மறிக்க மறிக்க, கை இடுக்கு வழியா ஒரு குலாப் ஜாமூன் தட்டுல வந்து விழும். தள்ளி விட்டவன் மூஞ்சில கோல் போட்ட சந்தோஷம்.

சாப்பிடுறது கூட்டத்தோட சேர்ந்தா அளவு தாண்டும்ங்கறது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்ல. ஜான் டி காஸ்ட்ரோங்கற அமெரிக்க உளவியல்காரர் 1980களின் கடைசியிலயே ஆளுங்கள சாப்பாட்டு டைரி எழுத வெச்சு, தனியா சாப்பிடும்போது விட கூட்டத்துல அதிகமா சாப்பிடுறோம்னு எழுதிட்டார். தெரிஞ்ச முகங்களோட சிரிச்சுப் பேசிக்கிட்டே சாப்பிட்டா நேரம் நீளும், கையும் நீளும். ஆக டயட்காரன் ஏற்கனவே இயற்கையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான். அவன் முதுகுல நாமளும் ஏறி உக்காரணுமா?

"நீயே ஒல்லியாத்தானே இருக்க, உனக்கெதுக்கு டயட்டு?" இத கேக்காத வாயே கிடையாது. கேக்குறவங்களுக்கு ஒரு போட்டோவப் பத்தி சொல்றேன். 2004ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. புனேயச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டன்காரர் டாக்டர் யுட்கின், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. பார்த்தா ரெண்டு பேரும் அளவான உடம்புக்காரங்கதான். ஆனா உடம்புல இருக்குற கொழுப்ப அளந்தா யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்ம யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ரெண்டு மடங்குக்கு மேல! நம்ம ஊர் உடம்போட லட்சணம் இது. வெளிய ஒல்லி, உள்ள நெய். சட்டை சைஸப் பார்த்து ஒருத்தனுக்கு டயட் தேவையா இல்லையான்னு தீர்ப்பு சொல்ற அளவுக்கு நம்ம டீம்ல யாருக்கும் கண்ணுல ஸ்கேன் மெஷின் இல்ல.

பெரிய கணக்கையும் சொல்லிடறேன். மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், அதாவது நம்ம சென்னைக்காரங்க, ஐ.சி.எம்.ஆரோட சேர்ந்து நாடு முழுக்க எடுத்த ஆய்வு 2023ல வெளிவந்துச்சு. இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், அதுக்கு முந்தின படில 13.6 கோடி பேர். சரி அது ஊருக்கு, நமக்கென்னங்கறீங்களா? 2025ல ஹைதராபாத் ஐடி ஊழியர்கள் 345 பேர வெச்சு நடத்தின ஆய்வு ஒண்ணு வந்துச்சு. 84 சதவீதம் பேருக்கு ஈரல்ல கொழுப்பு அதிகம். 71 சதவீதம் பேருக்கு உடல் பருமன். நாள் பூரா உக்காந்தே ஆணி புடுங்குறது, ஷிஃப்டு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்ததுதான், கேக்க மட்டும் குத்தம் சொல்லல. ஆனா இப்படி ஒரு கூட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சு "நான் கொஞ்சம் நிறுத்திக்கறேன்"னு சொன்னா அவன உக்கார வெக்கத்தான் 19 கை வருது.

2025 ஜூன்ல மத்திய சுகாதாரத் துறை எல்லா அமைச்சகங்களுக்கும் ஒரு கடிதம் எழுதினது ஞாபகம் இருக்கலாம். ஆபீஸ் கேன்டீன்லயும் வரவேற்பு அறையிலயும், எந்தப் பண்டத்துல எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு எண்ணெய்னு போர்டு வைங்கன்னாங்க. உடனே ஜூலை மாசம் "சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் சிகரெட் மாதிரி எச்சரிக்கை லேபிள்"னு டிவிக்காரங்க கிளப்பி விட்டு, "லேபிள் எல்லாம் இல்ல சாமி, ஆபீஸ்கள்ல போர்டு மட்டும்தான்"னு அரசாங்கமே விளக்கம் குடுக்க வேண்டி வந்துச்சு. அந்த வாரம் எங்க ஆபீஸ்லயும் இதே பேச்சுதான். "நம்ம சமோசா மேல கை வெக்கிறாங்கடா"ன்னு ஒரே பொங்கல். எல்லாரும் பேசினது சமோசாவோட உரிமையப் பத்தி. சமோசா வேண்டாம்ங்கறவனோட உரிமையப் பத்தி ஒருத்தரும் பேசல.

இப்ப சொல்லப் போறதுக்குத்தான் இவ்ளோ நீட்டினேன்.

எங்க ஃப்ளோர்ல வேற டீம்ல ஒரு பொண்ணு. வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. கேக் வெட்டும்போதெல்லாம் ஒதுங்கியே நிக்கும். ஒருநாள் அவங்க லீடுக்கு பிறந்தநாள். அவரே ஒரு துண்ட கையில எடுத்துக்கிட்டு வந்து நீட்டறார். "வேண்டாம் சார்." "என் பிறந்தநாளுக்கு கூடவா?" "இல்ல சார், நான் ஸ்வீட் எடுத்துக்கறதில்ல." சுத்தி நின்ன கும்பல் கோரஸ் பாட ஆரம்பிச்சுது. ஒரு புத்திசாலி "கல்யாணத்துக்கு ரெடியாகறாங்க சார், மாப்ள பாக்குறாங்களாம்"னு எடுத்துவிட்டார். இன்னொருத்தி அதுக்கும் மேல போய் எதுவோ காதுல கேட்டா. கடைசில அந்தப் பொண்ணு, பதினஞ்சு பேர் முன்னாடி, "எனக்கு எச்பிஏ1சி 6.1 சார். அப்பாவுக்கு இன்சுலின் போடுறாங்க. டாக்டர் இப்பவே நிறுத்தச் சொல்லியிருக்காங்க"ன்னு சொல்லிச்சு. குரல் கொஞ்சம் உடைஞ்சுது.

தெரியாதவங்களுக்கு: ரத்தத்துல கடந்த ரெண்டு மூணு மாசத்து சர்க்கரையோட சராசரியக் காட்டுற டெஸ்ட் அது. 5.7க்குக் கீழ இருந்தா நல்லது, 6.5 தொட்டா சர்க்கரை நோய். 6.1னா நடுவுல, வாசப்படில நிக்கிறோம்னு அர்த்தம். கவனமா இருந்தா திரும்பி வரலாம். அந்த வயசுல அந்த நம்பரப் பார்த்துட்டு, பயந்து, ஒழுங்கா டயட் இருந்து, யாருக்கும் தெரியாம சரி பண்ணிக்கலாம்னு நெனச்ச பொண்ணு.

லீடு உடனே "அய்யோ சாரிம்மா"ன்னார். பாருங்க, லைசென்ஸக் காட்டினதும் கேட் திறந்துடுச்சு! ஆனா சாயங்காலத்துக்குள்ள விஷயம் ஃப்ளோர் முழுக்கப் போயாச்சு. பாகற்காய் ஜூஸ் குடின்னு ஒருத்தர், ஆவாரம்பூ பொடி வாங்கித் தரேன்னு ஒருத்தர். "இந்த வயசுலயேவா, கல்யாணத்துக்கு பாக்கும்போது சொல்லாதீங்க"ன்னு ஒரு அக்கா. அந்த அக்கா நல்ல மனசோடதான் சொன்னாங்க, எனக்குத் தெரியும். ஆனா ஒரு மனுஷி தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ட பொது இடத்துல வாசிச்சுக் காட்ட வேண்டி வந்தது எதுக்காக? நூறு ரூபா பொறாத ஒரு துண்டு கேக்குக்காக. சம்பளத்த பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ட்ரெய்னிங் வெக்கிற எச்.ஆர்., சர்க்கரை அளவ சொல்ல வெக்கிறதப் பத்தி ஒரு ஸ்லைடு கூட போடல.

பொண்ணுங்களுக்கு இதுல ரெட்டை அடி. பையன் டயட்ல இருந்தா ஜிம்மு, சிக்ஸ் பேக்குன்னு ரெண்டு கிண்டலோட விட்டுடுவாங்க. பொண்ணு இருந்தா "நீங்க ஏற்கனவே அளவாத்தானே இருக்கீங்க"ன்னு மேலயும் கீழயும் ஒரு பார்வை. கல்யாணமாகி ஆறு மாசத்துல ஒருத்தி பப்பாளிய ஒதுக்கிட்டாலோ காபிய விட்டுட்டாலோ ஃப்ளோர் முழுக்க விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுடும். ஒரு 'வேண்டாம்' சொன்ன பாவத்துக்கு அவங்க உடம்பு பொதுச் சொத்தாயிடுது.

"விருந்தோம்பல் தமிழன் பண்பாடு, வற்புறுத்தி சாப்பிட வெக்கிறது அன்பு"ன்னு சொல்ற பண்பாட்டுக் காவலர்களும் உண்டு. ஐயா, விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரம் எழுதின வள்ளுவர்தான் 'மருந்து'ன்னும் ஒரு அதிகாரம் எழுதியிருக்கார். அதுல 942ல இருந்து 947 வரைக்கும் ஆறு குறள் வரிசையா, முன்ன தின்னது செரிச்சுதா பாரு, அளவறிஞ்சு சாப்பிடு, பசிக்கு மீறி தின்னா நோய் வரும்ங்கற சங்கதிதான். 9வது அதிகாரத்த காலண்டர்ல அச்சடிச்சு மாட்டுறவங்க 95வதையும் ஒருதரம் புரட்டலாம். இன்னொண்ணு, விருந்தோம்பல்னா வீட்டுக்கு வந்தவங்களுக்கு, அவங்க பசியறிஞ்சு போடுறது. பேன்ட்ரில நின்னுக்கிட்டு, அரை மணி நேரம் முன்னாடி லஞ்ச் சாப்பிட்டு முடிச்ச ஒருத்தன் வாயில பேக்கரி க்ரீம திணிக்கிறது எந்த திணையில வருது?

"எங்க அம்மா உங்களுக்காகவே செஞ்சு குடுத்து விட்டாங்க" கேஸ் மட்டும் கொஞ்சம் கஷ்டம்தான். ராத்திரி முழிச்சு அதிரசம் சுட்ட அந்த அம்மாவ நெனச்சா கை தானா போகும். அப்ப ஒண்ணு எடுத்து டிஷ்யூல சுத்தி வீட்டுக்குக் கொண்டு போறதுல தப்பில்ல, அம்மாவுக்கு போன்ல ஒரு நன்றியும் சொல்லலாம். ஆனா அங்கயும், "இல்ல இல்ல, என் முன்னாடி வாயில போடணும்"னு நிக்கிறவன் இருக்கானே, அவனுக்கு அம்மாவும் முக்கியமில்ல, அதிரசமும் முக்கியமில்ல. நம்ம வாய் அசையணும், அவ்ளோதான்.

ஏன் இவ்ளோ அக்கறை? எனக்குப் பட்டத சொல்றேன். எல்லாருக்கும் உள்ளுக்குள்ள தெரியும், இது ஜாஸ்தின்னு. எல்லாரும் சேர்ந்து தின்னா அது கொண்டாட்டம். ஒருத்தன் மட்டும் தின்னாம நின்னா மத்தவன் தட்டு திடீர்னு அவனவன் கண்ணுக்கே தெரிய ஆரம்பிச்சுடுது. அதனால அந்த ஒருத்தனையும் இழுத்து உள்ள போட்டுடணும். தண்ணியடிக்கிற கும்பல்ல குடிக்காதவன் கையில க்ளாஸ திணிப்பாங்களே, அதே சைக்காலஜி. ஆனா குடிக்காதவனுக்காவது வெளிய 'நல்ல பையன்' பட்டம் கெடைக்கும். கேக் தின்னாதவனுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லலேன்னா உள்குத்துன்னு வந்துடுவீங்க. டயட் ஆரம்பிச்ச மூணாவது நாளே இட்லிய விஷம்னு சொல்றவன், பக்கத்துல பரோட்டா பிச்சுக்கிட்டு இருக்குறவன்கிட்ட "இதுல எவ்ளோ கார்ப்ஸ் தெரியுமா?"ன்னு பாடம் எடுக்குறவன், இவனுங்களால எங்க எல்லாருக்குமே கெட்ட பேரு. பேலியோவோ, கீட்டோவோ, சிறுதானியமோ, எதுல வேணா இருந்துட்டுப் போங்க ராசா. அடுத்தவன் தட்டுல கண்ணு வெக்காதீங்க. அவன் வாயில நீ ஊட்ட வேணாம், நீ சாப்பிடுறத அவன் பிடுங்கவும் வேணாம்.

2023 ஜனவரில இங்கிலாந்துல உணவுத் தர ஏஜென்சியோட தலைவர் சூசன் ஜெப், ஆபீஸுக்கு கேக் கொண்டு வர்றத அடுத்தவன் விடுற சிகரெட் புகையோட ஒப்பிட்டுப் பேசி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். அது அவங்க சொந்தக் கருத்து, எங்க கொள்கை இல்லன்னு ஏஜென்சியே கழண்டுகிச்சு. நான் அந்த அளவுக்குப் போகல. புகை மூக்குக்குள்ள அதுவா வரும், கேக் அப்படி வராது, யாராவது திணிச்சாத்தான் வரும். 2008 அக்டோபர் 2ல இருந்து நம்ம ஊர்ல ஆபீஸுக்குள்ள புகைபிடிக்கத் தடை இருக்கு. அது மாதிரி கேக்குக்கும் தடை போடுங்கன்னு நான் கேக்கல. வெட்டுங்க, பாடுங்க, மூஞ்சில பூசிக்கோங்க (அதுவும் பூசிக்கிறவனுக்கு சம்மதம்னா). மீட்டிங் ரூம் நடுவுல வெச்சுட்டு, வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்னு தள்ளி நில்லுங்க. ஒருத்தன் வேண்டாம்னா, "சரிப்பா"ன்னு சொல்லிட்டு கிரிக்கெட் பேசுங்க, இல்ல டேமேஜரத் திட்டுங்க. ஏன்னு கேக்காதீங்க. அந்த 'ஏன்'தான் அந்தப் பொண்ண அழ வெச்சுது.

குறிப்பா லீடு, மேனேஜர் நாற்காலில இருக்குறவங்களுக்கு. நீங்க நீட்டுற துண்டும் பக்கத்து சீட்டுக்காரன் நீட்டுற துண்டும் ஒண்ணு இல்ல. அப்ரைசல் உங்க கையில இருக்கு. உங்ககிட்ட வேண்டாம்னு சொல்ல வேலைக்கு வந்து ரெண்டு வருஷமான பிள்ளைக்கு எவ்ளோ தைரியம் வேணும்னு கொஞ்சம் யோசிங்க சார். டீம் லஞ்ச் மெயில்ல "எல்லாரும் கண்டிப்பா வரணும், நோ எக்ஸ்க்யூஸஸ்"னு போடுறீங்க, வரோம். வந்து உக்காந்து, பேசி, சிரிச்சு, போட்டோவுக்கு நின்னுட்டுப் போறோம். தட்டுல என்ன இருக்குன்னு மட்டும் எட்டிப் பாக்காதீங்க.

வர்ற மாசம் எனக்குப் பிறந்தநாள். கேக்குக்கு வழக்கமா ஆகுற காசுல பெருங்கொய்யா, மாதுளை, அவிச்ச வேர்க்கடலைன்னு வாங்கி வெக்கலாம்னு இருக்கேன். கேக்கும் ஒரு கிலோ உண்டு, பயப்படாதீங்க. "அப்ப நீ சாப்பிடு முதல்ல"ன்னு எவனாவது கிளம்புவான்னு தெரியும். கொய்யாவ கடிச்சுக்கிட்டே "வேண்டாம்"னு சொல்லப் போறேன், அவன் எத்தனை தடவை கேட்டாலும் அந்த ஒத்த வார்த்தைதான், காரணம் சொல்ல மாட்டேன்.

டிஸ்கி: அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் இத எழுதினேன். போன மாசம் எடுத்த டெஸ்ட்ல நம்பர் இறங்கியிருக்காம். எவ்ளோன்னு நான் கேக்கல.